கலைஞன் கடன்

கலைஞனுக்குச் சமூகத்தின்பால் கடமை ஒன்று உண்டா, இல்லையா என்னும் வினா புதியதன்று. கலை கலைக்காகவே என்பாரும், கலை மக்களுக்காகவே என்பாரும் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் இங்கு முற்படவில்லை. பகலெல்லாம் அலுவலகக் கோப்புகளோடு கழித்து, மாலையில் தமிழ் நூல்களோடு இளைப்பாறும் எளியோர் நாம். ஆயினும் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும்போது ஓர் உண்மை நமக்குப் புலப்படுகின்றது. கலைஞனின் பொறுப்பு என்னும் சொல்லை இருதிறத்தார் எடுத்து வழங்கியுள்ளனர். கலைஞனின் வாயை அடைக்க விரும்பிய ஆட்சியாளர் ஒருதிறத்தார். தம்மைத் தாமே ஒரு கடனுக்கு உட்படுத்திக்கொண்ட கலைஞர் மற்றொருதிறத்தார். சொல் ஒன்றே, பொருள் வேறு. எந்தப் பொருளில் அச்சொல் வழங்குகின்றது என்று அறிவதற்கு எளிய வழி ஒன்றுண்டு. அப்பொறுப்புக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்டால் போதும். இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு, தமிழ் நாடக மேடையின் வரலாற்றில் ஒரு பகுதியை, சிறப்பாகத் தியாகி விசுவநாததாசின் வாழ்வை, இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தமிழ் மரபில் இக்கடன் மிகப் பழையது. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் இளஞ்சிறுவர்களை யானையின் காலில் இடச் செய்தபோது, அவன்முன் சென்று நின்றவர் கோவூர் கிழார் என்னும் புலவர். அவர் கையில் வேலும் இல்லை; பின்னால் படையும் இல்லை. புறாவின் துயர் தீர்க்கத் தன்னையே ஈந்தவன் வழியில் வந்தவன் நீ என்று மன்னனுக்கு அவன் குலப் பெருமையை நினைவூட்டினார். இச்சிறுவரோ புலவரின் வறுமை கண்டு தம் உணவைப் பகிர்ந்துண்டவர் வழியினர் என்று எடுத்துரைத்தார். யானையைக் கண்டு அழுகை மறந்த அப்பேதைப் பிள்ளைகளின் மருட்சியைச் சொல்லால் ஓவியமாக்கிக் காட்டினார். சிறுவர்கள் உயிர் பிழைத்தனர் என்று புறநானூற்றின் 46-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு கூறுகின்றது. பரிசில் வாங்கி வாழும் புலவர், பரிசில் தரும் மன்னனையே இடித்துரைத்தார். மன்னன் சினந்திருந்தால் இழப்பு அவருக்கே. அவ்விழப்புக்கு அஞ்சாமல் பேசியதனால்தான் அது அறமாயிற்று.

சங்க காலத்திலிருந்து நேரே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாடக மேடைக்கு வருவோம். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவர் முதலில் நடிகராகவே விளங்கினார். எமன், சனீசுவரன் போன்ற அச்சமூட்டும் வேடங்களில் அவருக்கு இணையில்லை என்பர். ஒருமுறை அவர் எமனாக மேடையில் தோன்றிய கோலத்தைக் கண்டு, அவையிலிருந்த கருவுற்ற பெண் ஒருத்திக்குக் கரு கலைந்தது என்றும், அதன்பின் அவர் வேடம் கட்டுவதையே விட்டொழித்தார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அச்செய்தியின் ஒவ்வொரு கூறும் அவ்வாறே நிகழ்ந்ததா என்பதினும், நாடகக்காரர்கள் தம் ஆசானைப் பற்றி இதனையே தலைமுறை தலைமுறையாக நினைவிற் கொண்டுள்ளனர் என்பதே நாம் கருதத் தக்கது. எவ்வளவு திறமையாக நடித்தார் என்பதைச் சொல்ல வந்த கதை, அத்திறமை பிறருக்கு ஊறு செய்தபோது அவர் என்ன செய்தார் என்பதில் வந்து முடிகின்றது. எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. எந்த அதிகாரியும் ஆணையிடவில்லை. தம் புகழின் உச்சியைத் தாமே துறந்து, அவர் ஆசிரியராக அமர்ந்தார்.

அத்துறவால் தமிழ் நாடகம் பெற்ற ஊதியம் பெரிது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலாகப் பல நாடகங்களைச் சுவாமிகள் யாத்தளித்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்துச் சிறுவர்களைப் பயிற்றினார். பின்னாளில் புகழ்பெற்ற டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கு அவர்பால் பயின்றவர்களே. 1922-இல் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற நாடகங்கள் எந்தத் தனிக் குழுவுக்கும் உரியனவாகாமல், தமிழகத்து நடிகர் எல்லாருக்கும் பொதுச் சொத்தாயின. இச்செய்தியை நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் இது பயன்படும்.

இனி, ஆட்சியாளர் பேசிய பொறுப்பைக் காண்போம். 1860-இல் வங்கத்தில் தீனபந்து மித்திரர் 'நீல தர்ப்பணம்' என்னும் நாடகத்தை எழுதினார். அவுரிச் சாகுபடி செய்வித்த வெள்ளைத் தோட்ட முதலாளிகள் உழவரைப் படுத்திய பாட்டை அது காட்டிற்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட குற்றத்துக்காக ஜேம்ஸ் லாங் என்னும் பாதிரியார் 1861-இல் ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் பெற்றார். 1876-இல் கல்கத்தா நாடக அரங்கு ஒன்று, வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி அங்கதம் ஒன்றை நடித்தது. அரசப் பிரதிநிதி நார்த்புரூக் பிரபு அவசரச் சட்டம் பிறப்பித்தார். அதே ஆண்டின் இறுதியில் அது 1876-ஆம் ஆண்டின் 19-ஆம் சட்டமாக, நாடக நிகழ்ச்சிச் சட்டமாக, நிலைபெற்றது.

அச்சட்டத்தின் வாசகம் ஊன்றிப் படிக்கத் தக்கது. அவதூறானது, அரசின்மீது வெறுப்பை மூட்டுவது, காண்போரின் ஒழுக்கத்தைக் கெடுப்பது ஆகிய மூன்றையும் அது ஒரே வரிசையில் வைத்தது. தடையை மீறுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மக்களின் ஒழுக்கத்தைக் காப்பது போன்ற தோற்றத்தோடு ஆட்சியின் மானத்தைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அதில் ஒரு விலக்கும் இருந்தது. சமய விழாக்களில் நடைபெறும் யாத்திரைக் கூத்துகளுக்கும் அவை போன்றவற்றுக்கும் சட்டம் பொருந்தாது என்றனர். மக்களின் சமய உணர்வைத் தொட ஆட்சியாளர் அஞ்சினர். தேசிய உணர்வு பின்னர்ப் புராணக் கதையின் போர்வைக்குள் புகுந்து மேடை ஏறியதற்கு அவ்வச்சமும் வழி கோலியது எனலாம்.

நாம் வாழும் மும்பையிலும் இக்கதை நிகழ்ந்தது. லோகமான்ய திலகரின் அணுக்கத் தொண்டரான காடில்கர் 1907-இல் 'கீசக வதம்' என்னும் மராத்தி நாடகத்தை மேடையேற்றினார். கதை மகாபாரதத்தது. ஆனால் திரௌபதியைத் துன்புறுத்திய கீசகனிடத்தில் கர்சான் பிரபுவையும், துன்புற்ற திரௌபதியிடத்தில் பாரத தேவியையும், பொறுமை பேசும் தருமனிடத்தில் மிதவாதிகளையும், கை ஓங்கும் வீமனிடத்தில் தீவிரவாதிகளையும் மக்கள் கண்டுகொண்டனர். 1910-இல் அரசு அந்நாடகத்தைத் தடை செய்தது. வேறொரு காட்சியும் நினைவுகூரத் தக்கது. 1921 ஜூலை 8 அன்று, தொழிற்போட்டியில் எதிரெதிரே நின்ற பால கந்தர்வரும் கேசவராவ் போசலேயும் திலகர் சுயராச்சிய நிதிக்காக மும்பையில் ஒரே மேடையில் தோன்றி 'மானாபமானம்' நாடகத்தை நடித்தனர். கலைஞரிடையே உள்ள போட்டி எளிதில் தணிவதன்று. அதனை ஓர் இரவேனும் ஒதுக்கி வைப்பதும் ஒருவகை விலையே.

தமிழகத்து மேடையில் அவ்விலையை ஓர் இரவன்றி வாழ்நாள் முழுவதும் கொடுத்தவர் விசுவநாததாஸ். 1886-இல் சிவகாசியில் பிறந்து, மதுரையை அடுத்த திருமங்கலத்தைத் தம் ஊராகக் கொண்டு வாழ்ந்தவர். முடிதிருத்தும் தொழிலும் மருத்துவமும் புரிந்த குலத்தில் வந்தவர். இனிய குரலும் தெளிந்த உச்சரிப்பும் அவருக்கு இயற்கை அளித்த செல்வங்கள். காங்கிரஸ் இயக்கம் அவரை ஆட்கொண்டபின், கதராடை உடுத்தி, மேடையையே தம் பிரசார பீடமாக்கிக்கொண்டார்.

அக்காலத்து 'ஸ்பெஷல் நாடகம்' எவ்வாறு நடைபெற்றது என்பதை அறிந்தால்தான் அவர் செயலின் தன்மை விளங்கும். ஸ்பெஷல் நாடகம் என்பது ஒரே கம்பெனியைச் சேர்ந்தோர் ஒத்திகை பார்த்து நடத்துவதன்று. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் அன்றிரவுக்கென்று தனித்தனியே அமர்த்தப்பட்டு வந்து சேர்வர். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாடம் எல்லாருக்கும் மனப்பாடமாக இருப்பதால் ஒத்திகைக்குத் தேவையில்லை. அப்பொதுப் பாடத்தின் இடையிடையே, தத்தம் திறமைக்கேற்பப் பாட்டையும் தர்க்கத்தையும் நடிகர் தாமே சேர்த்துக்கொள்வர். அதிகாரி முன்கூட்டியே நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாலும், அதில் முருகனும் வள்ளியும் தினைப்புனமும்தான் இருக்கும். அன்றிரவு நடிகரின் வாயிலிருந்து வரப்போகும் பாட்டு எந்தக் காகிதத்திலும் இராது. சுவாமிகள் எல்லாருக்கும் பொதுவாக வைத்துச் சென்ற நாடகப் பாடமே, மாணவர்க்கு மாணவரான நடிகர்களின் கையில் ஒரு கோட்டையாயிற்று.

வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சியைத் தமிழர் அனைவரும் அறிவர். அக்காட்சியில், கடல் கடந்து வந்து நம் கழனியை மேயும் வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டு ஒன்றை விசுவநாததாஸ் பாடுவார். அந்த வெள்ளைக் கொக்கு யார் என்பது பந்தலில் அமர்ந்திருந்த எழுத்தறியா உழவனுக்கும் விளங்கிற்று. பந்தலின் ஓரத்தில் குறிப்பேட்டோடு நின்ற காவலருக்கும் விளங்கிற்று. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் இயற்றிய தேசியப் பாடல்கள் அந்நாளில் நடிகர்களின் வாயிலாகவே பட்டிதொட்டி எங்கும் பரவின. செய்தித்தாள் எட்டாத ஊருக்கும், மேடைப் பேச்சாளர் வாராத ஊருக்கும் நாடகம் சென்றது. விடிய விடிய அமர்ந்து கேட்ட மக்கள், விடிந்தபின் வயல் வரப்பில் அப்பாட்டைப் பாடிக்கொண்டு சென்றனர்.

இதற்கு விலை என்ன? அவர் 29 முறை கைது செய்யப்பட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். எண்ணிக்கையைவிட அதன் பொருளை நாம் சிந்திக்க வேண்டும். ஸ்பெஷல் நாடக நடிகருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஓர் இரவு நடித்தால் ஓர் இரவுக் கூலி. சிறையில் கழியும் ஒவ்வொரு நாளும் அடுப்பெரியாத நாள். வெளியே வந்தபின்னும், இவரை அழைத்தால் போலீஸ் தொல்லை வருமே என்று நாடகக் காண்டிராக்டர் தயங்குவார். ஆண்டாப் ஹில்லில் மத்திய அரசுக் குடியிருப்புகளில் வாழும் நமக்கு இதன் கனம் நன்கு விளங்கும். நாம் 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். அரசின் கொள்கையைப் பொது இடத்தில் குறை கூற அவ்விதிகள் இடந்தருவதில்லை. மாதம் பிறந்தால் ஊதியம் வருகின்றது. ஓய்வுக்குப்பின்னும் ஏதோ ஒன்று வரும் என்னும் நம்பிக்கை இருக்கின்றது. இத்தனை காப்பும் உள்ள நாமே ஒரு சொல்லைச் சொல்லுமுன் பலமுறை எண்ணுகின்றோம். எந்தக் காப்புமில்லாத ஒரு கூத்துக் கலைஞர், காவலர் நிற்பதைக் கண்டுகொண்டே, தம் பிழைப்பைத் தாமே பணயம் வைத்துப் பாடினார். அந்நாளில் அவருக்குத் தடையாணை எழுதிய கையும் நம்மைப் போன்ற ஓர் எழுத்தரின் கையாகத்தான் இருந்திருக்கும் என்று எண்ணும்போது, அவ்வரலாறு நமக்கு அயலாரின் கதையாகத் தோன்றவில்லை.

மற்றொரு விலையும் அவர் கொடுத்தார். அது ஆங்கில அரசு கேட்டதன்று. நம் சமூகமே கேட்டது. பிறப்பால் தம்மை உயர்ந்தோராகக் கருதிய நடிகர் சிலர், அவர் குலத்தைக் காட்டி, அவரோடு மேடையேற மறுத்தனர். முருகனாக அவர் மயில்மீது அமர்ந்தபோது கைகூப்பிய ஊரே, வேடம் கலைத்தபின் அவரைத் தள்ளி நிறுத்திற்று. இங்கேதான் கலையின் ஆன்மிகப் பொருள் நமக்குப் புலனாகின்றது. முருகன் வேட்டுவக் குறமகளைத் தேடிச் சென்று மணந்தவன். உயர்வு தாழ்வு பாராத தெய்வம். அக்கதையை ஆயிரம் முறை கேட்டும் மனம் மாறாத மக்கள்முன், தாழ்ந்தவர் என்று அவர்கள் ஒதுக்கிய ஒருவரே அத்தெய்வத்தின் கோலத்தில் வந்து நின்றார். இறைவனின் வேடத்தைத் தாங்கத் தகுதியுடைய உடலில் தீட்டு எங்கே இருக்கின்றது என்னும் கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்டாரோ இல்லையோ, அவர் மேடையில் நின்றதே அக்கேள்விதான். வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டினும் இக்கேள்வி நம்மவர்க்குக் கடினமானது. அதற்குரிய முழு விடையை நாம் இன்னும் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1940 டிசம்பர் 31 அன்று இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடைபெற்றது. முருகன் வேடத்தில் மயில் வாகனத்தின்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே விசுவநாததாஸ் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 54. நாடு விடுதலை பெற இன்னும் ஏழாண்டுகள் இருந்தன. மேடையில் மடிவது கலைஞனுக்குப் பேறு என்று புகழ்வோர் உளர். நாம் அவ்வாறு புகழ்ந்துவிட்டு அமைதி கொள்ள இயலவில்லை. சிறையும் வறுமையும் தேய்த்த உடல் அது. அவ்வுடலோடும் அவர் அன்றிரவு மேடையேறினார் என்பதை மறந்துவிட்டு, அம்முடிவின் அழகை மட்டும் பேசுவது அவருக்குச் செய்யும் நீதியாகாது. திருமங்கலத்தில் இன்று அவர் பெயரால் நினைவு இல்லம் உள்ளது. மும்பைத் தமிழர் ஊருக்குச் செல்லும்போது மதுரை வரை செல்கின்றனர். இன்னும் சிறிது தொலைவு சென்று அதனையும் காணலாம்.

சிறை செல்வதொன்றே கலைஞன் கடன் என்று நாம் கூறவில்லை. வேறு வழியில் அக்கடனைச் செலுத்தியோரும் உளர். இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமி தம் குரலால் ஈட்டிய பொருளை அறப்பணிகளுக்கு வழங்குவதையே வாழ்நாள் நோன்பாகக் கொண்டிருந்தார். 1944-இல் கஸ்தூரிபா காந்தி மறைந்தபின் எழுந்த நினைவு நிதிக்காக அவர் பாடினார். அவர் பாடிய வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத் தொகை திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கு உரியதாயிற்று. 1974-இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டபோது, அது பொதுத் தொண்டுக்கான பிரிவில் வழங்கப்பட்டது என்பதை நாம் கருத வேண்டும். நமக்கு அருகிலுள்ள சண்முகானந்தா அரங்கில் அவர் பாடக் கேட்ட பெரியோர் மாதுங்காவிலும் செம்பூரிலும் இன்றும் உள்ளனர். தாம் பெற்றதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமையே அவர் கொடுத்த விலை.

பாடாமல் இருந்தே கடன் தீர்த்த கலைஞர் ஒருவரையும் உலக வரலாறு அறியும். நாடக நிகழ்ச்சிச் சட்டம் பிறந்த அதே 1876-இல் ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாவில் பிறந்தவர் பாப்லோ காசல்ஸ். செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியில் ஈடிணையற்றவர். உள்நாட்டுப் போரில் பிராங்கோ வென்று கொடுங்கோலாட்சி நிறுவியபின், அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறிப் பிரான்சின் எல்லையோரச் சிற்றூராகிய பிராடில் தங்கி, ஏதிலிகளாய் வந்த தம் மக்களுக்கு உதவி புரிந்தார். உலகப் போருக்குப்பின், பிராங்கோவின் ஆட்சியை ஏற்றுக்கொண்ட நாடுகளில் வாசிக்க மாட்டேன் என்று பெரிய அரங்குகளையும் பெரும் பொருளையும் மறுத்தார். 1973-இல் அவர் மறைந்தபோதும் பிராங்கோவே ஆட்சியில் இருந்தான். வெற்றியைக் கண்ணாற் காணாமலே முடிந்த நோன்பு அது. தூத்துக்குடிச் சீமையில் பிறந்து வேடத்தைத் துறந்த சுவாமிகளும், கத்தலோனியாவில் பிறந்து மேடையைத் துறந்த காசல்ஸும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவர் உள்ளத்திலும் பேசிய குரல் ஒன்றே.

இங்கு ஒரு தடை எழலாம். கலைஞனுக்குப் பொறுப்பு உண்டு என்று நாம் ஒப்புக்கொண்டால், அப்பொறுப்பை உணராத கலைஞனைத் தண்டிக்கும் உரிமையையும் அரசுக்குக் கொடுத்தவர் ஆக மாட்டோமா என்பதே அத்தடை. இது நியாயமான ஐயம். வரலாறும் இவ்வையத்துக்கு இடந்தருகின்றது. வெள்ளையர் சென்றபின்னும் அவர்களின் சட்டம் நம்மை விட்டுச் செல்லவில்லை. 1954-இல் சென்னை மாநிலம் தனக்கெனவே ஒரு நாடக நிகழ்ச்சிச் சட்டம் இயற்றிக்கொண்டது. நடிகவேள் எம். ஆர். ராதாவின் நாடகங்கள் எழுப்பிய பூசல்கள் அக்காலத்துச் செய்தி. அவர் கருத்தை ஏற்போரும் மறுப்போரும் நம்மிடையே இருக்கலாம். ஆனால் கருத்துக்கு மறுமொழி கருத்தாக இருக்க வேண்டுமேயன்றிக் காவல் நிலையமாக இருத்தல் தகாது. மும்பையிலும் 1972-இல் விஜய் தெண்டுல்கரின் 'சகாராம் பைண்டர்' நாடகத்தில் பல பகுதிகளை நீக்கச் சொன்னபோது, நாடகக் குழுவினர் உயர்நீதிமன்றம் சென்று வென்றனர்.

இச்சட்டங்களின் முடிவையும் கூறிவிடுவோம். நாடகக் கலைஞரும் எழுத்தாளருமான ஞாநி தொடுத்த வழக்கில், 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. 1876-ஆம் ஆண்டுச் சட்டமோ, பயனற்ற பழஞ்சட்டங்களை நீக்கும் சட்டத்தின் வாயிலாக 2018-இல் சட்டப் புத்தகத்திலிருந்து அகற்றப்பட்டது. விசுவநாததாசின் காலத்து மேடையை மிரட்டிய சட்டம், அவர் மறைந்து 77 ஆண்டுகளுக்குப் பின்னரே மறைந்தது. அரசிதழில் ஒரு பட்டியலின் நடுவே அதுவும் ஒரு வரியாக நின்றது. அதனால் வருந்தியவர்களின் பெயர் அங்கு எதுவும் இல்லை. அப்பெயர்களை நினைவிற் கொள்வது அரசிதழின் வேலையன்று, நம் வேலை.

ஆகவே முன் கூறிய ஐயத்துக்கு விடை இதுவே. ஆட்சி சுமத்தும் பொறுப்பில் விலை கொடுப்பவன் கலைஞன். பயன் பெறுவது ஆட்சி. கலைஞன் தானே மேற்கொள்ளும் கடனில் விலை கொடுப்பவனும் அவனே. பயன் பெறுவதோ மக்கள். முன்னதைச் சட்டத்தால் வாங்கலாம். பின்னதை எவராலும் வாங்க இயலாது. கோவூர் கிழாரை மன்னனிடம் போகச் சொன்னவர் யாருமில்லை. வேடத்தைக் கலைக்குமாறு சங்கரதாஸ் சுவாமிகளிடம் சொன்னவர் யாருமில்லை. விசுவநாததாஸைப் பாடாதே என்று சொன்னவரே பலர். கலைஞனுக்கு ஒழுக்கம் கற்பிக்க விரும்புவோர், அந்த ஒழுக்கத்துக்காகத் தாம் எதை இழக்க ஆயத்தமாக உள்ளோம் என்று முதலில் தம்மைக் கேட்டுக்கொள்வது நன்று.

கலைஞன் கடனைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, கலைஞனுக்குச் சமூகம் செலுத்த வேண்டிய கடனைப் பேசாமல் விடுவது முறையாகாது. கூத்தாடி என்னும் சொல்லை வசையாக வழங்கும் சமூகம், அதே கூத்தாடியிடம் தியாகத்தை எதிர்பார்க்கின்றது. பிறர் தியாகத்தைப் போற்றுவது எளிது. அதன் சுமையில் ஒரு கைப்பிடியேனும் தாங்குவது அரிது. ஸ்பெஷல் நாடகம் மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்ப்புறங்களில் இன்றும் நடைபெற்று வருகின்றது. அந்நடிகர்கள் இன்றும் ஓர் இரவுக் கூலிக்கே உழைக்கின்றனர். திருவிழாக் காலம் கழிந்தால் வேலை இல்லை. தாராவியில் வாழும் திருநெல்வேலிச் சீமைப் பெருமக்கள் பலரின் பாட்டன்மார், ஊர்ப் பந்தலில் விடிய விடிய வள்ளி திருமணம் கண்டவர்களே. அக்கலையை மறந்துவிட்டோம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அது இன்னும் உயிரோடுதான் இருக்கின்றது.

ஒன்று சொல்ல விழைகின்றோம். ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவை இந்நகரம் ஆட்டத்தோடும் வெடியோடும் கழிக்கின்றது. அவ்விரவு விசுவநாததாஸ் மறைந்த இரவு. ஓர் ஆண்டேனும் அவ்விரவில், தென்னாட்டிலிருந்து ஒரு ஸ்பெஷல் நாடகக் குழுவினரை நம் சங்கம் அழைத்து, வள்ளி திருமணத்தை முழுதும் நடிக்கச் செய்யலாம். போக்குவரத்துச் செலவும் கூலியும் பேசியபடி முன்கூட்டியே அவர்கள் கையில் சேர்ந்துவிட வேண்டும். பொன்னாடை பின்னர் வரலாம். மேடையிலிருந்து இறங்கியபின் அவர்களும் நாமும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும். இது பெரிய தொண்டன்று. நெடுநாளாக நிலுவையில் கிடக்கும் கடனில் ஒரு சிறு தவணை. சங்கத்துப் பெரியோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.